பெர்விட்டின் மாத்திரை உடலில் என்ன செய்தது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வீரர்கள் தூங்காமல் சண்டை போட ஏதோ மாத்திரை விழுங்கினார்களாமே, அது எப்படி வேலை செய்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது பெர்விட்டின். உள்ளே இருந்தது மெத்தாம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து, மாத்திரைக்கு 3 மில்லிகிராம். 1938-ல் டெம்லர் நிறுவனம் விற்பனைக்கு விட்டது. முதலில் மருந்துச் சீட்டே தேவையில்லை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் பியோல்கூட, ராணுவத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் 'பெர்விட்டின் அனுப்புங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் டோபமின், நார்அட்ரினலின் என்ற கிளர்ச்சியூட்டும் ரசாயனங்களை இது மொத்தமாக வெளியே தள்ளிவிடும். திரும்ப உள்ளே போகவும் விடாது. நெஞ்சு படபடக்கும், கண்மணி விரியும், நாக்கு வறளும், பசி செத்துப்போகும். தாடை தானாக இறுகிப் பல்லை நறநறக்கும். பேச்சு நிற்காது, 'என்னால் முடியாதது என்ன?' என்ற அசட்டுத் துணிச்சல் வேறு. ஆனால் களைப்பு எங்கும் போவதில்லை, மறைந்துதான் நிற்கும். மருந்து இறங்கியதும் வட்டியோடு வந்து ஆளைச் சாய்க்கும். நாள்கணக்கில் தூங்காமல் தொடர்ந்தால் சந்தேகம் முற்றும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகச் சொறிவார்கள்.

1941-ல் ஜெர்மனியே இதைப் போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் அபின் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ராணுவம் மட்டும் அதைக் கைவிடவில்லை.