சூத்திரமும் உரையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொழுதுபோக்காகச் சின்னச் சின்ன விளையாட்டுகள் நிரல் எழுதிப் பார்ப்பதாக முன்பு ஒரு பதிலில் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்துத்தான் சின்ன விளையாட்டுகள் செய்ய உதவும் பைக்கோ-8 என்ற மென்பொருளை வாங்கினேன். நான் கணக்குத் துறையில் இருப்பவன், இதற்கு முன் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. கூடவே வரும் கையேட்டில் கட்டளைக்கு இரண்டு மூன்று வரிதான் இருக்கிறது, எனக்குப் புரியவில்லை. அதன் அடிப்படை லுவா மொழி என்பதால் லுவா பாடங்களைத் தேடினேன். துப்பாக்கி திரும்பியிருக்கும் கோணத்தில் குண்டு பறக்க ஒரு பாடம் கிடைத்தது. அப்படியே தட்டினேன். ‘மேத்’ என்று ஒன்று இல்லவே இல்லை என்றது. அதை அழித்துவிட்டு, பையின் மதிப்பை 3.1416 என்று நானே போட்டேன். இப்போது பிழைச் செய்தி வருவதில்லை. ஆனால் நேர் மேலே சுட்டால் குண்டு இடப்பக்கமாகச் சற்றே மேலேறிப் போகிறது. இடப்பக்கம் சுட்டால் வலப்பக்கம் கீழே இறங்குகிறது. வலப்பக்கம் மட்டும் சரி. தவறு என் கணக்கிலா, மொழியிலா? தொடக்கநிலைக்காரனுக்கு நல்ல ஆவணம் எங்கே கிடைக்கும்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கணக்கும் சரி, மொழியும் சரி. நீங்கள் படித்த பாடமும் சரியாகத்தான் இருந்திருக்கும். அது வேறு ஒன்றுக்கு எழுதப்பட்ட பாடம், அவ்வளவுதான்.

வழக்கமான லுவாவில் கோணத்தை ரேடியனில் சொல்ல வேண்டும். முழுச்சுற்று என்பது இரண்டு பை, நேர் மேலே என்பது 1.5708. பைக்கோ-8இல் முழுச்சுற்று என்பது 1. கால் சுற்று 0.25. நீங்கள் 1.5708 என்று கொடுத்ததும் அது ஒரு சுற்று முழுதாகச் சுற்றிவிட்டு, மிச்சமுள்ள 0.5708க்குப் போய் நிற்கிறது. பாகையில் சொன்னால் கிட்டத்தட்ட 205. மேலே போக வேண்டிய குண்டு இடப்பக்கம் போனது இதனால்தான். பூஜ்யம் எந்த அளவையிலும் பூஜ்யம் என்பதால் வலப்பக்கம் மட்டும் தப்பியது.

இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. கணினித் திரையில் கீழே போகப் போக, உயரத்தைக் குறிக்கும் ஒய் மதிப்பு கூடும். ஆகவே மற்ற இடங்களுக்கு எழுதுகிறவர்கள் சைன் மதிப்பைக் கூட்டாமல் கழிப்பார்கள். பைக்கோ-8 அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது, அதன் சைன் தலைகீழாகத்தான் விடை தரும். உங்கள் பாடத்திலும் ஒரு கழித்தல் குறி இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குண்டு நீங்கள் சொல்கிற திசைகளில் போயிருக்காது. கோணங்களை 0 முதல் 1க்குள் மாற்றுங்கள், அந்தக் கழித்தலைக் கூட்டலாக்குங்கள். தீர்ந்தது.

இந்த இரண்டு செய்தியும் நீங்கள் மூடி வைத்த கையேட்டிலேயே இருக்கின்றன. ‘1 என்றால் முழுச்சுற்று’ என்று ஒரு வரி, ‘திரைக்கு ஏற்பத் தலைகீழாக்கப்பட்டது’ என்று இன்னொரு வரி. உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த வரிகளை நாலைந்து முறை கடந்து போனவன்தான்.

அந்தக் கையேடு சூத்திரம் மாதிரி. சுருங்கச் சொல்லியிருக்கும், ஒரு சொல் வீணாக இருக்காது, விஷயம் தெரிந்தவனுக்கே விளங்கும். பாடம் என்பது உரை. சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கற்க முடியாது, உரை வேண்டும். ஆனால் உரையாசிரியர் எந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு உரை எழுதினார் என்று பார்க்காமல் படித்தால் உங்கள் குண்டு போல ஆகிவிடும். ஏடுகளுக்குள் பாடபேதம் பார்க்கிற வேலைதான் இதுவும்.

பைக்கோ-8இல் இருப்பது லுவா 5.2ஐ ஒட்டிய ஒன்று. மொழியின் உடல் லுவாதான்: இஃப், ஃபார், டேபிள், ஃபங்ஷன் எல்லாம் அப்படியே. இவற்றுக்கு எந்த லுவா நூலையும் நம்பிப் படிக்கலாம். லுவாவை உருவாக்கியவர்களில் ஒருவரே எழுதிய நூலின் முதல் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 5.0க்கு எழுதிய பழைய நூல், ஆனாலும் தொடக்கப் பகுதிகளுக்குப் பழுதில்லை. மேத், ஸ்ட்ரிங், ஐஓ என்று புள்ளி வைத்து அழைக்கிற நூலகங்கள், அதாவது ஆயத்தக் கட்டளைத் தொகுப்புகள், வரும் இடத்தில் நூலை மூடிவிட்டுக் கையேட்டுக்கு வாருங்கள். உங்களுக்கு ‘மேத் இல்லை’ என்று வந்த செய்தி உண்மையில் ஓர் எல்லைக்கல். நீங்கள் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேலே நடந்துவிட்டீர்கள்.

கையேட்டை வாசிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். படத்தைத் திரையில் வைக்கும் எஸ்பிஆர் கட்டளைக்குப் பக்கத்தில் சில சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி என்பதுதான் அதன் பொருள். நான் அடைப்புக்குறியையும் சேர்த்தே தட்டி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். கொடுக்காவிட்டால் என்ன மதிப்பு எடுத்துக்கொள்ளும் என்பது அடுத்த கேள்வி. அகலமும் உயரமும் கொடுக்காவிட்டால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது 8க்கு 8 புள்ளிப் படம். பிடிஎன்பி என்ற பொத்தான் கட்டளைக்கு உள்ள குறிப்பில், பொத்தானை அழுத்தியே வைத்திருந்தால் 15 ஃபிரேம் (திரை ஒருமுறை மாறுவது ஒரு ஃபிரேம்) கழித்து 4 ஃபிரேமுக்கு ஒருமுறை மீண்டும் ‘ஆம்’ சொல்லும் என்று இருக்கிறது. இதைப் படிக்காமல் நான் செய்த தவளை, விரலை எடுக்காவிட்டால் தத்தித் தத்திக் கூரைக்குப் போய்விட்டது.

ஆகவே ஒரு கட்டளைக்கு இரண்டு வரி என்றால், அந்த இரண்டு வரியை வைத்துப் பத்து வரி நிரல் எழுதிப் பாருங்கள். நான்கு கோணம் கொடுத்து விடைகளைத் திரையில் அச்சிட்டிருந்தால் சைனின் ரகசியம் ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டிருக்கும்.

உரை எங்கே என்றால், உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ‘இன்ஸ்டால்_டெமோஸ்’ என்று தட்டுங்கள், மாதிரி கார்ட்ரிட்ஜ்கள், அதாவது பைக்கோ-8 நிரல் கோப்புகள், வந்து இறங்கும். அவற்றில் ‘ஏபிஐ’ என்பது கட்டளைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டும். ‘கொலைட்’ சுவரில் மோதுவதைக் காட்டும். எதையும் லோட் செய்து எஸ்கேப்பை அழுத்தினால் முழு நிரலும் கண்முன் இருக்கும். மற்றவர்கள் செய்த விளையாட்டுகளையும் இப்படியே திறந்து பார்க்கலாம். ஒரு எண்ணை மாற்றி ஓட்டிப் பாருங்கள். இந்த உரைக்குப் பாடபேதம் கிடையாது. இங்கே ஓடுகிறது என்றால் இந்தப் பதிப்புக்குப் பொருந்துகிறது என்றுதானே பொருள்!

வீடியோ பாடங்களை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. படம் வரைவது, இசை அமைப்பது போன்ற கைப்பழக்கத்துக்கு நல்லவை. நிரலுக்கு அப்படியில்லை, தேட முடியாது, எடுத்து ஒட்ட முடியாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் வழக்கமான லுவாவையும் பைக்கோ-8ஐயும் கலந்து, நம்பும்படியான குரலில் சொல்கிறது. எனக்கு இரண்டு முறை அப்படி நடந்தது.

நாளை வேறொன்றுக்குப் போனாலும் இதே சிக்கல் வேறு வேடத்தில் வரும். விளையாட்டு நிரல் எழுத உதவும் லவ் என்கிற சட்டகத்தில் 2018இல் 11ஆம் பதிப்பு வந்தபோது நிறங்களின் அளவு 0–255லிருந்து 0–1க்கு மாறியது. நிறத்துக்கு 255 என்று போட்டிருந்தால் அது பழைய பாடம். கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் 4ஆம் பதிப்பு 2023இல் வந்தது. கைனமேட்டிக்பாடி2டி என்று பார்த்தால் 3க்கானது, கேரக்டர்பாடி2டி என்றால் 4க்கானது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பைக்கோ-8இல் ஓர் எண் 32767ஐத் தாண்டி ஒன்று கூடினால் எதிர்மறைக்குப் புரண்டுவிடும். எதிரிக்கு 100 புள்ளி என்று வைத்திருந்தேன். 327 எதிரிகள் வரை மரியாதையாக 32700 காட்டியது. அடுத்தவனை வீழ்த்தியதும் மதிப்பெண் -32736. உங்கள் குண்டுக்கும் இதே விதிதான். திரை 128 புள்ளிதான் அகலம், அதைத் தாண்டிய குண்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஃபிரேமுக்கு 4 புள்ளி வேகத்தில் நேராக வலப்பக்கம் போகிற குண்டு, நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில், ஒன்பது நிமிடம் கழித்து இடப்பக்கத்திலிருந்து திரும்பி வரும்.