வேலை வழக்கில் என் சோஷியல் செக்யூரிட்டி எண் வெளியே தெரியுமா?

அமெரிக்க பெடரல் நீதிமன்றத்தில் பழைய முதலாளி மீது வழக்குப் போட்டால், அமெரிக்க அரசு தரும் இந்த அடையாள எண் ஊருக்கே தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவனமாக இருந்தால் தெரியாது. சிவில் நடைமுறை விதி 5.2-இன்படி, தாக்கல் செய்யும் தாளில் அந்த எண்ணுக்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்கும் கடைசி 4 இலக்கம், பிறந்த தேதிக்கு வருடம், மைனர் பிள்ளைகளுக்குப் பெயரின் முதலெழுத்து மட்டுமே போட வேண்டும். வீட்டு முகவரி இந்த மறைக்க வேண்டிய பட்டியலில் வராது. மறைப்பது உங்கள் பொறுப்பு. நீதிமன்ற அலுவலகம் சரிபார்க்காது. மறைக்காமல் நீங்களே போட்டால், உங்கள் பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. முதலாளி தரும் வருடாந்திரச் சம்பள, வரிப் படிவமான டபிள்யூ-2-இல் இந்த எண் இருக்கும் என்பதால், அதை இணைக்கும்போது ரொம்பவே உஷார். அப்புறம், பிடிஎஃப்பில் வெறுமனே கறுப்புக் கட்டம் வரைந்தால் அடியிலுள்ள எழுத்தைக் காப்பி செய்துவிடலாம். எதிர்த்தரப்பு கேட்கும் வரி, மருத்துவ ஆவணங்களுக்கு, கொடுப்பதற்கு முன்பே விதி 26(சி)-யின் கீழ் பாதுகாப்பு உத்தரவு (அந்தத் தகவல் வெளியே போகாமல் கட்டுப்படுத்தும் நீதிமன்ற உத்தரவு) கேளுங்கள்.