கியர் ஃபிரேமில் நானே செய்த ஒற்றை கியர் சைக்கிளில் செயின் ஓரிடத்தில் இறுகுகிறது, இன்னோரிடத்தில் தொங்கிக் கழல்கிறது. எப்படிச் சரிசெய்வது?

நானும் தக்கலைப் பக்கம் இப்படிச் செய்த வண்டியைத்தான் ஓட்டுகிறேன். நம் குமரி மாவட்டம் முழுக்க ஏற்ற இறக்கம். எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் கழன்றால் ஆளே விழுவோம். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்பேனரை எடுத்ததும் பின் சக்கரத்தை இழுத்துப் பூட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும். முதலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை மெதுவாகச் சுற்றி, செயினை நடுவில் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். இறுகும் இடத்தில் செயின் வீலில் (பெடலோடு சுற்றும் முன்பல் சக்கரம்) சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே கோட்டில் இறுகினால் செயின் வீல் மையம் விலகியிருக்கிறது. கோடு மாறி மாறி வந்தால் ஃப்ரீவீலையும் (பின் சக்கரத்தின் பல் சக்கரம்) செயினில் மடங்காமல் நிற்கும் லிங்க்கையும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் பெரும்பாலும் முதலாவதுதான். செயின் வீல் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) போல்ட்டால் பூட்டியிருந்தால் எல்லாப் போல்ட்டையும் லேசாகத் தளர்த்துங்கள். இறுகும் இடத்தைக் கொண்டுவந்து, செயினின் மேல் மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். வீல் கொஞ்சம் நகரும். சுற்றிப் பார்த்து மறுபடி தட்டி, சமமானதும் போல்ட்டை முறுக்குங்கள். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கிராங்கோடு அறைந்து வைத்த வீல் என்றால் இது நடக்காது. வேறு வீல் மாற்றுவதே நல்லது.

அப்புறம்தான் சக்கரம். மிக இறுகும் இடத்தில் வைத்து அளவு பாருங்கள். அங்கேயும் செயின் மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைய வேண்டும். வீணைக் கம்பி மாதிரி இழுத்தால் ஹப் பேரிங்கும் பெடல் அச்சு பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். மிதிக்கும்போது வலப்பக்க ஆக்சில்தான் முன்னால் இழுபடும். டயர் இடப்பக்க ஃபிரேமில் உரசினால் காரணம் அதுதான். வலப்பக்கம் ஒரு செயின் அட்ஜஸ்டர் மாட்டினால் நிற்கும். சக்கரம் நகர்ந்தபின் பிரேக் கட்டை ரிம்மில் சரியாக உட்காருகிறதா என்பதையும் பாருங்கள்.

ஆக்சில் உட்காரும் வெட்டு நேர் கீழ்நோக்கி இருக்கும் ஃபிரேமில் சக்கரம் நகரவே நகராது. அங்கே கணக்குதான் கைகொடுக்கும். சைக்கிள் செயினில் ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் அரை அங்குலம். முன்னாலோ பின்னாலோ ஒரு பல் கூட்டினால் ஆக்சில் சுமார் 3 மி.மீ. முன்னால் வந்ததற்குச் சமம். பாதி லிங்க் (ஒரு கண் நீளமுள்ள துண்டு) ஒன்றைச் சேர்த்தாலோ எடுத்தாலோ 6 மி.மீ. வித்தியாசம் வரும். 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் 17 அல்லது 19 போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் கழற்றி வைத்த பின்பக்க கியர் மாற்றியையே (டீரெய்லர்) மறுபடி மாட்டி, அதன் திருகை முறுக்கி ஒரே பல்லுக்கு நேராக நிறுத்திவிடுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் செயின் தொங்காது.

இழுவை சரியாக இருந்தும் கழன்றால் முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேரில் இல்லை. நீண்ட ஸ்கேலை வைத்துப் பார்த்து, வாஷரை இடம் மாற்றுங்கள். கியர் வண்டியின் மெல்லிய செயின் அகலமான பல்லில் உட்காராது என்பதும் நினைவிருக்கட்டும்.

குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் ஓட்டுகிறவர்கள் செயினை அடிக்கடி துடைக்க வேண்டும். உப்புக்காற்று துருவைக் கொண்டுவரும். அங்கத்திய மணலில் கார்னெட் உண்டு, உப்புத்தாள் செய்யும் அதே பொருள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். 12 அங்குலத்தில் அடங்க வேண்டிய 24 கண்கள் 12 அங்குலமும் அரைக்கால் அங்குலமுமாக நீண்டிருந்தால், செயினோடு ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.