வர்ணனை சொல்லும் பையனுக்கு நிர்வாக ஒதுக்கீட்டு இடம் எதற்கு?

கோவில்பட்டியிலிருந்து ஒரு அண்ணாச்சியும் அவர் மனைவியும் போன வாரம் மகனோடு வந்திருந்தார்கள். பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான், கணக்கில் சுமாரான மதிப்பெண். ஊரில் ஹாக்கிப் போட்டி நடந்தால் மைக் அவன் கையில்தான். ரேடியோவில் விளையாட்டு வர்ணனை சொல்லப் போகிறேன் என்று நிற்கிறான். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் தாய்மாமனோ நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி முடித்துவிட்டார். நன்கொடை ஐந்து லட்சம். கரிசல் நிலத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டார்கள்.

வைக்காதீர்கள். கல்லூரியில் சேர நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும். கணக்கென்றால் முகம் சுளிக்கும் பையனை நான்கு வருடம் கணக்கிலேயே உட்கார வைத்தால் அரியர் விழும், அடகு வட்டி ஏறும். மாமா அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் படிக்கப்போவதும் அவர் இல்லை, வட்டி கட்டப்போவதும் அவர் இல்லை.

பையன் போனில் பதிவு செய்திருந்த ஒரு ஆட்டத்தைக் கேட்டேன். “இடது ஓரமா ஏறுறார், பந்து ஸ்டிக்கை விட்டு விலகல, டி-க்குள்ள நுழைஞ்சாச்சு, காலில் பட்டுருச்சு, பெனால்டி கார்னர்!” பார்க்காத எனக்கு மைதானம் தெரிந்தது. இது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. குறையும் இருந்தது: நான்கு நிமிடம் ஸ்கோரே சொல்லவில்லை. டிவியில் ஸ்கோர் மூலையில் இருக்கும். ரேடியோவை இப்போதுதான் திருப்பியவருக்கு யார் சொல்வது? அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், ஸ்கோர் சொல்ல மறக்கக் கூடாது என்பதற்காகவே மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை முன்னால் வைத்துக்கொள்வாராம். இதைச் சொன்னதும் பையன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் எழுதியது அது ஒன்றைத்தான்.

இந்தத் துறையில் உங்கள் மாவட்டத்துக்கே ஒரு பெயர் இருக்கிறது. சென்னை வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் சொல்லி வீடு வீடாகக் கொண்டுபோன அப்துல் ஜப்பார், சாத்தான்குளத்துக்காரர். வானொலி நாடகத்தில் பழகிய குரல் அது. கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே 19 வயதில் ஹைதராபாத் வானொலியில் தொடங்கியவர். “அவர் இன்ஜினியரிங்கும் படித்தாரே” என்று மாமா கேட்பார். படித்தார், நிலத்தை அடகு வைத்தா படித்தார் என்று திருப்பிக் கேளுங்கள்.

அண்ணாச்சியிடம் நான் சொன்ன வழி இது. பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் தமிழோ பொருளாதாரமோ சேருங்கள், செலவு மிகக் குறைவு. அகில இந்திய வானொலி பகுதிநேர அறிவிப்பாளர்களை எடுக்கும்போது பட்டம் கேட்கும். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, நேர்காணல் எல்லாம் உண்டு. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் நிலையம் இருக்கிறது. வர்ணனைக்குக் குரல் தேர்வு தனி. தனியார் எஃப்எம்களுக்குப் பெரிய ஆட்டங்களை நேரடியாகச் சொல்ல அனுமதி இல்லை, ஆனால் உள்ளூர் ஆட்டங்களுக்கு வர்ணனை கொடுக்க 2011-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. யாரும் அதைப் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். கல்லூரிகள் நடத்தும் சமூக வானொலிகளும் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கியதுதான் நாட்டின் முதல் வளாக வானொலி. டிவியிலும் செயலிகளிலும் ஐபிஎல், புரோ கபடி எல்லாம் தமிழில் வந்துவிட்டன. அங்கே பழைய ஆட்டக்காரர்கள் நிறைய என்பது உண்மை. ஆனால் ஓட்டமாக ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டு போகிற குரல் ஒன்று பக்கத்தில் வேண்டியிருக்கிறது.

பணத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். வானொலியில் பகுதிநேரம் என்றால் மாதத்தில் சில நாள்தான் அழைப்பார்கள், அந்தந்த நாளுக்குத்தான் சம்பளம். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் பட்டம் முடிவதற்குள் பையனுக்கு இன்னொரு வருமானம் கைவர வேண்டும்: விளையாட்டுச் செய்தி எழுதுவது, ஆடியோ எடிட்டிங், ஸ்கோரர் வேலை, இவற்றில் ஏதாவது ஒன்று. இதில் அவனுக்கு விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கட்டணம் கட்டிப் படிக்கும் ஆர்ஜே சான்றிதழ் வகுப்பு எதிலும் சேர்க்கவும் கூடாது. அந்தக் காசில் ஒரு நல்ல மைக் வாங்கிக் கொடுங்கள்.

அம்மா கேட்ட கேள்விதான் கடினம்: “நாளைக்குப் பொண்ணு கேக்கப் போனா என்ன வேலைன்னு சொல்ல?” பட்டம் முடிகிற வரை அந்தக் கேள்விக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை தாயி என்றேன். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். மாமாவிடம் பேசும்போது பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவனே பேசட்டும்.