ஓபரெட்டாவில் பழகிய கை: இவான் ஸாய்ட்ஸ் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இன்றைய குரோவாசியாவின் ரியேக்காவில் பிறந்த இசையமைப்பாளர் ஸாய்ட்ஸ் வியன்னா சென்றது ஏன்?

பதில்: 1832இல் இராணுவ வாத்தியக் குழுத் தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், மிலான் இசைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் பயின்று, ஊர் திரும்பிச் சில காலம் பணியாற்றியபின், 1862இல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். பாட்டோடு பேச்சும் நகைச்சுவையும் நடனமும் கலந்த ஓபரெட்டாவுக்கு அங்கே பெரும் மோகம் நிலவிய காலம் அது. மறு ஆண்டே கார்ல் தியேட்டரில் அரங்கேறிய அவருடைய 'மான்ஷாஃப்ட் ஆன் போர்ட்' நல்ல வரவேற்பைப் பெற்றது. அந்நகரம் அவரை ஜொவான்னி ஃபொன் ஸாய்ட்ஸ் என்றே அறிந்திருந்தது.

கேள்வி: புகழ் தந்த ஊரை அவர் ஏன் விட்டுச் சென்றார்?

பதில்: எழுத்தாளர் அவ்குஸ்த் ஷெனோவா போன்ற குரோவாசிய நண்பர்களின் வற்புறுத்தலே காரணம். 1870இல் ஸாக்ரெப் சென்று, அங்கு தொடங்கிய நிரந்தர ஓபரா (இசை நாடக) குழுவை 1889 வரை நடத்தினார். இசைப்பள்ளியின் பொறுப்பையும் ஏற்றார்.

கேள்வி: கேளிக்கை இசை எழுதியவருக்கு 'நிகோலா ஷுபிச் ஸ்ரின்ஸ்கி' போன்ற வீர ஓபரா எப்படிக் கைவந்தது?

பதில்: ஓபரெட்டாவை அவருடைய பிழைப்புக்கான வேலை என்று ஒதுக்குவோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருமுறை கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டையும், திரை விழுமுன் கூட்டத்தை எழுப்பும் சேர்ந்திசையையும் அமைக்க அவருக்குக் கை பழகியது அங்கேதான். 1876இல் அரங்கேறிய அந்த ஓபராவின் இறுதிக் காட்சியைப் பாருங்கள்: 1566இல் ஒட்டோமான் படை சூழ்ந்த ஹங்கேரியின் சிகெத்வார் கோட்டையிலிருந்து, சாவு நிச்சயம் என்று தெரிந்தே தளபதி ஸ்ரின்ஸ்கியுடன் வெளியேறும் வீரர்கள், 'ஊ பொய், ஊ பொய்' (போருக்கு, போருக்கு) என்று ஆண்குரல்களில் பாடுகிறார்கள். முற்றுகையின் 300ஆம் ஆண்டையொட்டி 1866இல் வியன்னாவில் அவர் எழுதிய பாட்டு அது. பத்தாண்டு கழித்து ஓபராவுக்குள் வைத்தார். அதாவது, ஓபரெட்டா எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பிறந்த மெட்டு.

கேள்வி: அப்பாட்டை ஜப்பானியர் பாடுவதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

பதில்: உண்மைதான். 1919இல் சைபீரியாவிலிருந்து தாயகம் திரும்பிய செக் படைவீரர்களின் கப்பல் பழுதாகிக் கோபே துறைமுகத்தில் நின்றபோது, க்வான்சை காகுயின் என்ற ஜப்பானியக் கல்வி நிறுவனத்தின் பாடகர் குழு மாணவர்கள் அவர்களிடமிருந்து அதைக் கற்றார்கள். அந்தப் பாடகர் குழு இன்றும் அதைக் குரோவாசிய மொழியிலேயே பாடுகிறது.