வாங்கலாமா, வேண்டாமா? – சுரைக்காய்க்கும் நாடி துடிக்கும்

கேள்வி: வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ராத்திரி பலத்த குறட்டை. நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறார். பகலில் ஸ்டீயரிங்கிலேயே கண் சொக்குகிறதாம். 'ஏஐ மூலம் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்) கண்டறியும்' என்று போட்டிருந்த வாட்சை 2,499 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரமாக 'நார்மல்' என்றே காட்டுகிறது. நம்பலாமுங்களா? – வாசகி, சங்ககிரி

பதில்: நம்பாதீங்க அம்மிணி. மூச்சு நின்றதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், அதை நம்புங்கள்.

இதே விலையில் நானும் ஒன்று வாங்கினேன். சந்தேகம் வந்து, குழம்புக்கு வைத்திருந்த சுரைக்காயில் கட்டிப் பார்த்தேன். துடிப்பு 78, ஆக்சிஜன் 97. எங்கள் வீட்டில் அவ்வளவு நல்ல ரிப்போர்ட் வேறு யாருக்கும் வந்ததில்லை.

அட்டையில் 'ஏஐ' என்று அச்சடிக்க என்ன செலவு? கணினிக்குக் கற்றுக்கொடுக்கத்தான் செலவு. ஆளை ராத்திரி முழுக்கப் படுக்கவைத்து மூளை அலை, மூச்சுக்காற்று, நெஞ்சு அசைவு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். எங்கெங்கே 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றது என்று விவரம் தெரிந்தவர் உட்கார்ந்து குறித்துத் தர வேண்டும். அப்படிப் பல இரவுகளைப் பார்த்துத்தான் அது பழகும். 2000-லேயே பிசியோநெட் என்ற ஆய்வுத் தளம் 70 இரவுகளின் இசிஜி பதிவுகளைப் பொதுவில் வைத்து, அதை மட்டும் கொண்டு ஆப்னியாவைக் கண்டுபிடியுங்கள் என்று போட்டி வைத்தது. ஆகவே வித்தை பொய்யில்லை. உங்கள் வாட்ச் யாருடைய தூக்கத்தைப் பார்த்துக் கற்றது? இதைத்தான் ஒரு பெட்டியிலும் போட மாட்டேன் என்கிறார்கள்.

2024-இல் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ-விடம் அனுமதி வாங்கிய ஆப்பிள் வாட்ச்கூட, 30 நாளில் குறைந்தது 10 இரவு கட்டியிருந்தால்தான் வாய் திறக்கும். அப்போதும், கம்பெனியே வெளியிட்ட சோதனையில், நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியா இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கோட்டை விட்டது. அது 'இருக்கிறது' என்றால் டாக்டரிடம் ஓட வேண்டும். சும்மா இருந்தால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தூக்கப் பரிசோதனை செய்யும் நுரையீரல் டாக்டரிடம் அவரைக் கூட்டிப் போங்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று எண்ணிச் சொல்வார்கள். 15 என்றால் நடுத்தரம், 30 என்றால் கடுமை. அதுவரை அவர் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம். லோடு போனால் போகட்டும்.

கேள்வி: குறட்டையைக் கேட்டு ஆப்னியா சொல்லும் ஆப், வருடத்துக்கு 999 ரூபாய். வாங்கலாமா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். அவருக்கு சந்தா கிடையாது.

கேள்வி: வாட்ச் ஆப்னியா என்றது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரிடம் பழைய சிபேப் மெஷினை (தூங்கும்போது மூக்கில் காற்றடித்து மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி) 18,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன், பில் இல்லை. குழாயில் கறுப்புத் தூள் வருகிறது. விற்றவர் என்னை ப்ளாக் செய்துவிட்டார். – வாசகர், திருப்பூர்

பதில்: டாக்டர் சீட்டு இல்லை, பில் இல்லை, விற்றவர் யாரென்றும் தெரியாது. உங்கள் ஊரில் பனியன் துணியைக்கூட இழுத்துப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? மூக்கில் காற்றடிக்கிற மெஷினுக்கு அந்த அக்கறைகூட இல்லையா? உள்ளே இருக்கும் நுரை உதிர்ந்து மூச்சோடு போகக்கூடும் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் சிபேப்களை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. உங்களுடையது அந்த மாடலா என்று பாருங்கள். எதுவானாலும் இன்றே நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். 18,000? வரவே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 'இலவச ஏஐ தூக்கப் பரிசோதனை' என்று பகலில் வீட்டுக்கு வந்தார்கள். விரலில் கிளிப் மாட்டி அரைமணி நேரம் பார்த்தார்கள். கடுமையான ஆப்னியா, தூக்கத்திலேயே உயிர் போகும் என்றார்கள். பயந்துபோய் 65,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கினேன். பில் இருக்கிறது. – வாசகர், கோபி

பதில்: ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உயிர் போகும் என்றால் யாருக்குத்தான் கை நடுங்காது? பொருட்காட்சியில் குறட்டைக்குக் காந்த மூக்குவளையம் வாங்கிய ஆள் நான். பயமுறுத்தக்கூட இல்லை, தானாகப் போய் வாங்கினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில், ரிப்போர்ட், வந்தவர் கொடுத்த கார்டு, மெஷின் பெட்டி எதையும் எறியாதீர்கள். பெட்டியில் மருத்துவக் கருவிக்கான உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். முழித்திருந்த மனிதருக்குத் தூக்க வியாதி கண்டுபிடித்த கருவியை நானும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.