640 பேர் வந்தார்கள், 38 பேர்தான் வாங்கினார்கள்

கேள்வி: அண்ணே, நான் வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்கிறேன். அக்கா மகன் ஒரு அகப்பக்கம் செய்து, வருகையைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸும் போட்டுக் கொடுத்தான். 2025 அக்டோபரில் 640 பேர் வந்ததாக அதில் காட்டுகிறது. அகப்பக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கைத் திறந்து பார்த்தால் 11,000 என்று இருக்கிறது. ஆர்டரோ 38தான். முந்தின வருடம் அக்டோபரில் இதைவிட அதிகம் பேர் வந்திருக்கிறார்கள். எதை நம்புவது? விலையைக் குறைக்க வேண்டுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, விலையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

முதலில் அந்த 11,000. அது ஆள் கணக்கே இல்லை. ஹோஸ்டிங்காரர்கள் 'ஹிட்ஸ்' என்று போடுவது, சர்வரிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று. முதல் பக்கத்தில் 20 பலகாரப் படம் இருந்தால் ஒருவர் ஒரே ஒரு முறை திறந்ததற்கே 21 விழும், அதோடு தேடுபொறிகள் அனுப்பும் ரோபோக்களும் சேர்ந்துகொள்ளும். அதை மறந்துவிடலாம்.

640க்கு வருவோம். இதையும் '640 பேர்' என்று படிக்காதீர்கள், அனலிட்டிக்ஸ் ஆளை எண்ணுவதில்லை. உலாவியில் குக்கி என்ற ஒரு சின்ன அடையாளக் குறிப்பை வைத்துவிட்டு அந்தக் குக்கியைத்தான் எண்ணுகிறது. செராசில் இருக்கும் ஒரு பெண் ஆபீஸ் கணினியில் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறார், ராத்திரி கைபேசியில் பார்க்கிறார், மறுநாள் யாரோ முகநூலில் போட்ட லிங்க்கைத் தட்ட அது முகநூலுக்குள்ளேயே திறக்கிறது: அவர் இப்போது மூன்று பேர். ஐபோன் சஃபாரியில் இந்த வகைக் குக்கிக்கு ஏழு நாள்தான் ஆயுள், அதனால் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தால் அவரே புதிதாக வந்தவர் ஆகிவிடுவார். இதற்கு நேர்மாறாக, தோட்டத்து வீட்டில் ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு பாட்டி, அம்மா, மகள் மூவரும் சேர்ந்து எது வாங்கலாம் என்று பேசினால் அது ஒரே ஆள். கோயில் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி உள்ளே எத்தனை பேர் என்று சொல்வது மாதிரிதான் இது. கூட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும், தலைக்கணக்கு வராது.

அந்த 640இல் நீங்களும் இருப்பீர்கள். படம் சரியாக வந்ததா என்று தினமும் திறந்து பார்ப்பவர் நீங்கள், அக்கா மகன், அவன் கூட்டாளிகள். சொந்த வருகையைக் கழிக்க அனலிட்டிக்ஸில் வடிகட்டி இருக்கிறது, ஆனால் அது முதலில் சோதனை நிலையில்தான் இருக்கும், அதைச் செயல்படும் நிலைக்கு மாற்றினானா என்று கேளுங்கள். வீட்டு வைஃபையை அது பிடித்துக்கொள்ளும், கைபேசி டேட்டாவில் போனால் ஐபி என்ற இணைய முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் நழுவிவிடும்.

அப்புறம் ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆஷ்பர்ன் என்ற ஊர் தென்பட்டால் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டர்கள் குவிந்து கிடக்கின்றன, அதிரசம் கேட்டு வந்தது பெரும்பாலும் இயந்திரமாகத்தான் இருக்கும். தெரிந்த ரோபோக்களைக் கூகுள் தானாகவே நீக்கும், தெரியாதவை தப்பித்து உள்ளே வரும். 'கோலாலம்பூர்' என்று காட்டுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரை ஐபியை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள், கைபேசி டேட்டாவில் வருபவர் உங்கள் பக்கத்துத் தாமானில் இருந்தாலும் தலைநகரில் இருப்பதாகக் காட்டக்கூடும். இதை நம்பி கே.எல். ஆட்களுக்கு மட்டும் விளம்பரம் போட்டுக் காசை விடாதீர்கள்.

இனி வருடக் கணக்கு. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, அதனால் அக்டோபர் முழுக்கப் பலகாரம் தேடும் மாதம். 2025இல் அக்டோபர் 20. அதற்கப்புறம் முறுக்கை யார் தேடப் போகிறார்கள்? செப்டம்பர் கடைசியிலேயே தேட ஆரம்பித்திருப்பார்கள். அக்டோபரை அக்டோபரோடு வைத்துப் பார்த்தால் வியாபாரம் விழுந்த மாதிரிதான் தெரியும். 2026இல் நவம்பர் 8 என்பதால் அந்தக் கணக்கு இன்னொரு பக்கம் சாயும். தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரம் என்று தேதி போட்டு இரண்டு வருடத்தையும் பாருங்கள்.

கடைசியாக, உண்மையில் நீங்கள் பார்க்க வேண்டிய எண் எத்தனை பேர் வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டினார்கள் என்பது. வெளி லிங்க்கைத் தட்டுவதை அனலிட்டிக்ஸ் தானாகவே பதியும், அக்கா மகன் வாட்ஸ்அப்பை மட்டும் பிரித்துக் காட்டித் தரட்டும். 200 தட்டு விழுந்து 38 ஆர்டர் என்றால் சிக்கல் பக்கத்தில் இல்லை, பதில் தாமதமாகப் போகிறது, இல்லாவிட்டால் தபால் செலவைக் கேட்டதும் ஆள் பின்வாங்குகிறார். தட்டியதே 45 என்றால் பக்கத்தில் விலையும் எடையும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். விலையைப் பற்றிய யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டக் கோயில் அகப்பக்கத்தில் பவுன்ஸ் ரேட் 70 சதவீதம். வருகிறவர்கள் எல்லாம் ஓடிவிடுகிறார்கள் என்று தலைவர் கூட்டத்தில் சத்தம் போடுகிறார். 2022இல் இன்னும் மோசமாக 85 இருந்தது.
- கோயில் செயலவை உறுப்பினர், பாகான் டத்தோ

பதில்: பூசை எத்தனை மணிக்கு என்று பார்க்க வந்தவர் எட்டு விநாடியில் பார்த்துவிட்டு மூடினால் அது பவுன்ஸ். அவர் ஓடவில்லை, வந்த வேலை முடிந்தது. தலைவரிடம் இதைச் சொல்லுங்கள்.

85ஐயும் 70ஐயும் ஒப்பிடவே முடியாது. பழைய அனலிட்டிக்ஸில் ஒரு பக்கத்தோடு கிளம்பிவிட்டால், கால் மணி நேரம் உட்கார்ந்து தல வரலாறு படித்திருந்தாலும் பவுன்ஸ்தான். அது 2023 ஜூலை 1இல் கணக்கெடுப்பதை நிறுத்தியது. இப்போதைய நான்காம் பதிப்பில் பத்து விநாடியைத் தாண்டினால், இல்லை இரண்டாவது பக்கம் போனால், இல்லை நீங்கள் முக்கியம் என்று குறித்த ஒன்றைச் செய்தால் அது பவுன்ஸ் இல்லை. அளவுகோலே மாறிவிட்டது, நீங்கள் எதையும் சாதித்திருக்கத் தேவையில்லை. நன்கொடைப் பக்கத்தின் பவுன்ஸை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், அது 70 என்றால் கவலைப்படலாம்.

கேள்வி: டியூஷன் வகுப்புக்கான லிங்க்கை வாட்ஸ்அப் குழுக்களில்தான் போடுகிறேன். அறிக்கையில் வாட்ஸ்அப் என்றே வரவில்லை, எல்லாம் 'டைரக்ட்' என்று வருகிறது.
- ஆசிரியை, பீடோர்

பதில்: டீச்சர், வாட்ஸ்அப்பிலிருந்து தட்டி வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூட வராது. எங்கிருந்து என்று தெரியாததை எல்லாம் அள்ளிப் போடும் கூடைக்குத்தான் டைரக்ட் என்று பெயர். லிங்க்கின் பின்னால், எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யூடிஎம் என்ற குறியைச் சேர்த்து அனுப்புங்கள், கூகுளிலேயே அதை இலவசமாகச் செய்து தரும் கருவி இருக்கிறது. பெற்றோர் குழுவுக்கு ஒன்று, முன்னாள் மாணவர் குழுவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள்.

கேள்வி: மாதம் 150 வெள்ளி கொடுத்தால் 5,000 பார்வையாளர்களைக் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
- கைபேசிக் கடைக்காரர், கூலிம்

பதில்: கொண்டுவருவார். அந்த 5,000இல் கைபேசி உறை வாங்க ஒருவரும் வர மாட்டார்.